கடைமடைப் பாட்டு

2008 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, காரைக்கால்மேடு. மாலை நான்கு மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்து கோயில் மண்டபத்தில் கூடியது. பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: கடலில் வயர்லெஸ் செட்டில் பாட்டுப் போடுவதை விடுவதா, நிறுத்துவதா.

பாட்டுப் போட்டவர் ஆனந்தராஜ். காத்தமுத்துவின் விசைப்படகில் டிரைவர். அன்று காலையிலேயே காத்தமுத்து அவரிடம் சொல்லிவிட்டார்.

“பஞ்சாயத்துல செட்டக் கழட்டுன்னு சொன்னா கழட்டிக் குடுத்துடுவேன். செட்டு இல்லாத படகுக்கு ஆளு வராது. நீ எறங்கினாத்தான் செட்டத் திருப்பித் தருவாங்க. அதனால நீ எறங்கிடு. வேற டிரைவர் பாத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காத.”

“எடுத்துக்கல மாமா” என்றார் ஆனந்தராஜ். காத்தமுத்து அவருக்குத் தாய்மாமன் முறை. அந்தப் படகில் அவர் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பொருட்களில் படகுக்காரர்கள் இன்னும் கெடாமல் வைத்திருந்தது இந்த வயர்லெஸ் செட்டைத்தான். எங்கே மீன் படுகிறது, யார் வலை அறுந்தது, கரையில் என்ன விலை போகிறது எல்லாம் அதில் பேசிக்கொள்வார்கள். மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்திக்கொண்டிருக்கும்போது எதிரில் யார் கத்தினாலும் காதில் விழாது.

சாயங்காலம் வலை இறக்கிய பிறகு சற்று ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் ஆனந்தராஜ் எட்டாம் சேனலுக்கு வருவார். ஒரு நாளைக்கு மூன்று பாட்டு. சினிமாப் பாட்டு கிடையாது. அதைக் கரைக்குப் போனால் எல்லா டீக்கடையிலும் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. புதுச்சேரியில் நாலு பேர் கித்தாரும் பறையும் வைத்துக்கொண்டு தாங்களே பதிவு செய்து விற்ற சிடி, சாவு வீட்டில் பாடப்பட்டு யாரோ டேப்பில் பிடித்தது, தேர்த் திருவிழாவில் தப்பாட்டக்காரர்கள் ஓய்வு நேரத்தில் தங்களுக்காகப் பாடிக்கொண்டது என்று எங்கெங்கோ தேடிக் கொண்டுவருவார். செல்போனை மைக்கின் பக்கத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டுப் பாட்டைப் போடுவார். போடும் முன் இரண்டு வார்த்தை சொல்வார்.

“இது மொதல்ல கொஞ்சம் இழுக்கும். சேனல மாத்திடாதீங்க. நாலாவது வரியில அந்த ஆளு குரல எறக்குவாரு பாருங்க, அதுக்காவத்தான் போடுறேன்.”

பாட்டு முடிந்ததும் படகுகளிலிருந்து பதில் வரும்.

“அண்ண, இந்தப் பாட்டு கேட்டுட்டு எங்க படகுல சமையக்காரன் அழுவுறான். சோத்துல உப்புப் போட வேணாம்.”

“அவன் வெங்காயம் உரிக்கிறான்டா.”

கேட்டவர்களும் ஒரு பாட்டுச் சொல்ல வேண்டும் என்பது சேனலில் தானாக வந்துவிட்ட வழக்கம். நாகூர்ப் படகு ஒன்றிலிருந்து கல்யாண வீட்டில் பெண்கள் தப்ஸ் அடித்துப் பாடியது வந்தது. தரங்கம்பாடிக்காரர் ஒருவர் தானே பாடினார். சுருதி சேரவில்லை. அதற்கும் ஆனந்தராஜ் நன்றி சொன்னார். “நல்ல பாட்டுண்ண. தொண்டதான் சரியில்ல. பாட்ட நான் எழுதிக்கிட்டேன்” என்றார். தரங்கம்பாடிக்காரர் மறுநாளும் வந்தார்.

கரையில் ஐஸ் கொட்டகையிலும் ஒரு செட் இருந்தது. எந்தப் படகு எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள மீன்காரப் பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் கேட்டார்கள். ஆனந்தராஜின் அக்கா கனகாம்பாள் அங்கேதான் இருப்பார். கனகாம்பாள் வாரத்தில் நாலு நாள் நெடுங்காட்டுப் பக்கம் மீன் கொண்டுபோகிறவர். ஜூலை மாதம் அங்கே பம்புசெட் தண்ணீரில் குறுவை நடவு நடந்தபோது வரப்பில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாடியதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். முன்பாட்டுப் பாடியவர் சொர்ணாம்பாள். வாய்க்காலில் தண்ணீர் வராததையும், மதகைத் திறந்துவிட வேண்டிய லஸ்கரையும் பற்றிய பாட்டு அது. பழைய மெட்டில் சொர்ணாம்பாள் தானே கட்டியது.

*கல்லணைக்குத் தண்ணி வந்து காலமொண்ணு ஆச்சுதுங்க*
*கடமடைக்கு வந்த தண்ணி காக்கா குளிக்கக் காணலிங்க*
*லஸ்கரய்யா வந்து நின்னு மதகு மேல குந்திக்கிட்டு*
*சாவிய நான் தேடுறன்னு சட்டப்பையத் தடவறாரு*

பாட்டு முடியும் இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலே கனகாம்பாளின் குரல் கேட்கும்: “சொர்ணாம்பா, மத்தி இருக்கு, எடுத்துக்கிறியா?” அதோடு பதிவு நின்றுவிடும்.

ஜூலை 29 அன்று ஆனந்தராஜ் அந்தப் பாட்டைப் போட்டார். கை வலிக்கிறது என்று மைக்கின் பொத்தானை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கி மாட்டினார். சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். சில நாட்களாகவே அப்படித்தான் செய்துவந்தார். பாட்டு ஓடத் தொடங்கியதும் பின்புறத்திலிருந்து ஆட்கள் கத்தினார்கள். வலை கடலடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. ஆனந்தராஜ் எழுந்து ஓடினார். ரப்பரைக் கழற்றவில்லை.

செல்போனில் அந்த ஒரு பாட்டு மட்டும் ஓடும்படி வைத்திருந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வலையை அறுக்காமல் விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை லஸ்கரய்யா சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தார். எட்டாம் சேனலில் வேறு யாராலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பக்கத்து ஊரான கருக்களாச்சேரியின் ஃபைபர் படகு ஒன்றின் இஞ்சின் நின்றுபோயிற்று. படகில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டியவன் அன்பழகன், இருபத்து நாலு வயது. அவர்களிடம் இருந்தது கையில் பிடிக்கும் சின்ன செட். கூப்பிட்டுப் பார்த்தார்கள். பாட்டுதான் கேட்டது.

பஞ்சாயத்தில் புகார் கொடுத்தவர் அந்த ஃபைபர் படகின் சொந்தக்காரர் தெட்சிணாமூர்த்தி. அன்பழகனுக்குப் பெரியப்பா. கருக்களாச்சேரியிலிருந்து நாலு பேரோடு வந்திருந்தார். மண்டபத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே குழாயடிப் பக்கம் நின்றார்கள். நாட்டாமை பாலகுரு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சொல்லுங்க” என்றார்.

“நான் சண்டைக்கு வல்ல” என்று தொடங்கினார் தெட்சிணாமூர்த்தி. “எங்க புள்ளைங்க மூணு பேரு. கச்சான் காத்து அடிக்குது. படகு மேக்கேருந்து கெழக்கப் போவுது. கரைய வுட்டு வெலகிப் போவுது. கூப்புடுறானுவோ. இவரு நெடுங்காட்டு வாய்க்கால்ல தண்ணி வல்லன்னு பாட்டுப் போடுறாரு. கடல்ல இருக்கிறவனுக்கு வாய்க்காலு எதுக்குங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாலகுரு திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“வேற சேனல்ல கூப்பிட்டிருக்கலாமே” என்றார் பஞ்சாயத்தார் ஒருவர்.

“கூப்பிட்டானுவோ. வேற சேனல்ல எவன் இருக்கான்? எல்லா பயலும் பாட்டுலதான இருக்கான்.”

மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் அன்றைக்கு எட்டாம் சேனலில் இருந்தவர்கள்.

பாலகுரு ஆனந்தராஜைப் பார்த்தார். “ரப்பர் மாட்டுனது நெசந்தானா?”

“நெசந்தான் மாமா.”

“எதுக்கு மாட்டுன?”

“கை வலிச்சுது.”

“மூணு உசுரு, உனக்குக் கை வலி.”

ஆனந்தராஜ் தலை குனியவில்லை. படகு கரைக்கு வந்து விஷயம் தெரிந்த ராத்திரியே கருக்களாச்சேரிக்கு நடந்தே போய் அன்பழகன் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

வெளியிலிருந்து கனகாம்பாள் குரல் கேட்டது. “பாட்ட புடிச்சுக்கிட்டு வந்தது நானு. கேக்குறத என்னையும் கேளுங்க.”

“கனகாம்பா, பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு தெரியுமில்ல?” என்றார் பாலகுரு.

“நான் உள்ள வல்ல மாமா. குழாயடியில நின்னு குழாய்க்கிட்ட சொல்றேன்.”

“குழாய்க்கிட்ட மெதுவா சொல்லு.”

காத்தமுத்து எழுந்து, பஞ்சாயத்து என்ன சொன்னாலும் தான் கட்டுப்படுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செட்டைக் கழற்றத் தயார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டிரைவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனந்தராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஞ்சாயத்தார் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். பாட்டு வேண்டாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். சொல்லும்போது ஆனந்தராஜைப் பார்க்காமல் சொன்னார்கள். மாரிக்கண்ணு மட்டும் வேறு மாதிரி பேசினார். அன்று ஆனந்தராஜின் படகுக்குப் பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்து, அன்பழகனின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர் அவர்தான்.

“நான் ஒண்ணு கேக்குறேன். நான் அவனுவள கண்டப்ப அவனுவோ இருந்த எடம் எனக்குப் புரியல. கச்சானுக்கு நேர் கெழக்க அடிச்சுட்டுப் போயிருக்கணும். ஆனா தெக்க எறங்கி வந்திருந்தானுவோ, நாங்க இருந்த பக்கமா. அது எப்புடி? தம்பியவே கேளுங்க.”

அன்பழகன் பெரியப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பேசுவதற்கு அவனை யாரும் அழைத்து வரவில்லை. பாதிக்கப்பட்டவன் என்று காட்டுவதற்காக அழைத்து வந்திருந்தார்கள். பாலகுரு, “எந்திரிச்சு சொல்லுப்பா” என்றார்.

“நான் மொதல்ல அண்ணன திட்டுனேன்” என்றான் அன்பழகன். “அதைச் சொல்லிடுறேன். கெட்ட வார்த்த எல்லாம் சொல்லித் திட்டுனேன்.”

“அது காதுல வுழுந்திருக்காது. மேல சொல்லு.”

“ரெண்டு மூணு தடவ கூப்பிட்டேன். பாட்டு நிக்கல. பேட்டரி வேற எறங்குது. அப்புறம் கூப்புடுறத நிறுத்திட்டேன். கேக்க மட்டும் செஞ்சேன். கேக்குறதுக்கு பேட்டரி அவ்வளவு ஆவாது. செட்ட நெஞ்சோட வெச்சிக்கிட்டு அப்படியே சுத்துனேன். ஒரு பக்கம் திரும்பி நின்னா பாட்டு நல்லா கேக்குது. இன்னொரு பக்கம் திரும்பி நின்னா கரகரங்குது. நம்ம ஒடம்பு மறைக்குது. கரகரங்கிறப்ப முதுகு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் பாட்டுப் போடுற படகு.”

நின்ற இடத்திலேயே ஒரு தரம் சுற்றிக் காட்டினான்.

“தார்ப்பாய பாயாக் கட்டுனோம். துடுப்ப சுக்கானா வெச்சோம். தெக்க எறக்கிக்கிட்டு வந்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒருக்க சுத்திப் பாப்பேன். பாட்டு வழி காட்டிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல நின்னிருந்தா எனக்குத் தெச தெரிஞ்சிருக்காது, பெரியப்பா. இருட்டிக்கிட்டு வந்துச்சு.”

“அப்புறம்?” என்றார் பாலகுரு.

“அப்புறம் பாட்டு நின்னுட்டு. அந்நேரம் நாங்க கிட்ட வந்துட்டோம். ஒரு தடவ கூப்பிடத்தான் பேட்டரி இருந்துச்சு. கூப்பிட்டேன். மாரிக்கண்ணு அண்ணன் எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி, பாட்டு ஓடுறப்ப, எங்க படகுல ராசுக்குப் பயம் வந்து நடுங்குறான். நாலா பக்கமும் தண்ணி. அந்தம்மா தண்ணி வல்ல தண்ணி வல்லன்னு லஸ்கர திட்டுது. முடிஞ்சதும் கனகாம்பா அக்கா வந்து மத்தி வேணுமான்னு கேக்குது. எத்தினி தடவ கேட்டாங்கன்னு கணக்கே இல்ல. ஒரு தடவ ராசு, ‘வேணாம்னு சொல்லேன்டா’ன்னான். எங்களுக்குச் சிரிப்பு வந்துட்டு. அதுக்கப்புறம் அவன் நடுங்கல.”

இந்த முறை சிரித்தவர்களைப் பாலகுரு அடக்கவில்லை. குழாயடியிலிருந்தும் சிரிப்பு வந்தது. தெட்சிணாமூர்த்தி தம்பி மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“இதை ஏன்டா வீட்டுல சொல்லல?”

“நீங்க கேக்கலியே பெரியப்பா. நீங்க நேரா புகாரு எழுதப் போயிட்டீங்க.”

“அப்ப அவரு செஞ்சது சரிங்கிறியா?”

“சரின்னு சொல்லல. பொத்தான வுட்டிருந்தா அப்பவே வந்து தூக்கியிருப்பாங்க. அது தப்புதான். ஆனா பாட்ட நிறுத்த வேணாம். நான் மூணு மாசமா தெனம் கேக்குறேன். ஒரு பாட்டு கூட நான் சொன்னதில்ல. கேட்டுட்டுப் போயிடுவேன். இனிமே நானும் சொல்லணும்.”

ஆனந்தராஜ் அப்போதுதான் தலை குனிந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஞ்சாயத்தார் ஐந்து பேரும் கர்ப்பகிரகத்துப் பக்கம் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பாலகுரு வந்து முடிவைச் சொன்னார். பாட்டு இருக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு பொத்தானை விட்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டு, ஒரு வெற்றிலை போடும் நேரம் காத்திருக்க வேண்டும். பாட்டு ஓடும் நேரத்தில் எந்தப் படகாவது ஒன்று முறை வைத்து வேறு சேனலில் காது கொடுக்க வேண்டும். ரப்பர், கயிறு, குச்சி எதையும் மைக்கில் மாட்டக் கூடாது.

“கையாலதான் புடிக்கணும். வலிச்சா மாத்திப் புடி. உனக்கு ரெண்டு கை இருக்கில்ல?”

“இருக்கு மாமா.”

“ரப்பர கொண்டாந்திருக்கியா?”

ஆனந்தராஜ் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்துக் கொடுத்தார். சட்டைப்பையைத் தடவியபோது பின்வரிசையில் ஒருவர், “சாவி கெடச்சிட்டு” என்றார். பாலகுருவும் சிரித்துவிட்டார்.

தெட்சிணாமூர்த்தி கிளம்பும்போது ஆனந்தராஜிடம் வந்தார். “எம் மனசு இன்னும் ஆறல” என்றார். “ஆறுனதும் சொல்றேன்.”

“சொல்லுங்க சித்தப்பா. எப்ப வேணா வர்றேன்.”

வாசலில் காத்தமுத்து காத்திருந்தார். “காலையில மூணு மணிக்கு ஐஸ் ஏத்தணும்” என்றார். முன்னால் நடந்தார். ஆனந்தராஜ் அவர் பின்னால் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எட்டாம் சேனலில் ஆனந்தராஜ் முதல் பாட்டைப் போட்டார். முடிந்ததும் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். கூப்பிட்டவர் யாரும் இல்லை. அடுத்து அன்பழகன் வந்தான். காரைக்கால் பேருந்து நிலையத்தில் கல்லூரிப் பையன்கள் தாங்களே எழுதிப் பாடி விற்ற சிடி ஒன்றை வாங்கிச் செல்போனில் ஏற்றியிருந்தான். நாகப்பட்டினம் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு.

“இதை எப்புடி சொல்றதுன்னு தெரியல” என்றான். “ஒரு கித்தாருதான் இருக்கு. பாடுறவன் பெரிசா பாடல. ஆனா பஸ் போயிட்டுன்னு தெரிஞ்சதும் ஒரு எடத்துல பாடாம சும்மா நிப்பான். அந்த எடத்த கேளுங்க. அவ்வளவுதான்.”

படகுகள் கேட்டன. முடிந்ததும் தரங்கம்பாடிக்காரர், “இவன் நம்ம ஆளு. இவனுக்கும் தொண்ட சரியில்ல” என்றார். ஆனந்தராஜ், “நன்றி தம்பி. நல்ல பாட்டு குடுத்த” என்றார். பிறகு பொத்தானை விட்டுக் காத்திருந்தார்.

அந்த வாரம் அன்பழகன் ஏலத்துக்குப் போடாமல் ஒரு கூடை சங்கரா மீனை எடுத்து வைத்துக் கனகாம்பாளிடம் கொடுத்தான். கனகாம்பாள் அதை நெடுங்காட்டுக்குக் கொண்டுபோய், களை எடுத்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். சொர்ணாம்பாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடல்ல மூணு பேரு எம் பாட்டக் கேட்டுக் கரை சேந்தாங்களா?”

“ஆமாங்கிறேன்.”

“வாய்க்காலுக்குத் தண்ணி இன்னம் வல்ல, அதை அவங்ககிட்ட சொன்னியா?”

“சொல்லிடுறேன்.”

“எங்க பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்கு. லஸ்கர் காதுக்கு மட்டும் போவல.” சொர்ணாம்பாள் கூடையைத் திறந்து பார்த்தார். சங்கராவைக் களையெடுத்த பெண்கள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்றார். அடுத்த பாட்டு கட்டியிருப்பதாகச் சொல்லி, செல்போனில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கனகாம்பாள் பதிவு செய்துகொண்டார். இந்தத் தடவை கடைசியில் பேசாமல் இருந்தார்.

செப்டம்பரில் ஒரு நாள், இரண்டாவது பாட்டுக்குப் பிறகு விட்ட இடைவெளியில் கோட்டுச்சேரிப் பக்கத்துப் படகு ஒன்று கூப்பிட்டது. டீசல் தீர்ந்துவிட்டிருந்தது. ஆனந்தராஜ் போய் ஒரு கேன் கொடுத்தார். அன்றைக்கு மூன்றாவது பாட்டு போடவில்லை.